ஐட்லிங்கில் 35 காட்டினால் பெட்ரோல் பிரஷர் குறைவா? பழைய வோல்வோ டர்போ வைத்திருக்கும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் எழுதியதை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன், தப்பு இருந்தால் திருத்துங்கள். 1994 வோல்வோ 940 டர்போ, ஓய்வுபெற்ற தோட்ட மேனேஜர் ஒருவரிடம் வாங்கியது. வீடு கோலகங்சார் பக்கம், வேலை ஈப்போவில். ஊருக்குள் ஓட்டும்போது ஒரு குறையும் இல்லை. நெடுஞ்சாலையில் மெனோரா சுரங்கத்துக்கு ஏறும்போது காலை அழுத்தினால் மட்டும் வண்டி திக்குகிறது, பின்னால் யாரோ கயிறு கட்டி இழுத்துப் பிடித்த மாதிரி. டேங்கில் எண்ணெய், அதாவது பெட்ரோல், பாதிக்குக் கீழே போனால் இன்னும் மோசம். காலையில் முதல் ஸ்டார்ட்டுக்கும் நேரமாகிறது. பட்டறையில் பெட்ரோல் பிரஷர் குறைவு என்று சொல்லி மெயின் பம்பையும் ஃபில்டரையும் மாற்றினார்கள். மாற்றிய பிறகும் ஐட்லிங்கில், அதாவது வண்டி நின்றபடி இன்ஜின் மெல்ல ஓடும்போது, கேஜ் 35 பிஎஸ்ஐதான் காட்டுகிறது, 43 இருக்கணும், அதனால் பிரஷரைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் பெட்ரோலைப் பீய்ச்சும் நாலு இன்ஜெக்டரையும் மாற்றிவிடலாம் என்கிறார்கள். மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது, உங்கள் எழுத்திலேயே அது ஒளிந்திருக்கிறது: பிரஷர் குறைவு என்று அவர்கள் சொன்னதே சரிதானா?

அந்த 35 குறைவு இல்லை. இருக்க வேண்டிய அளவே அதுதான். உங்கள் வண்டியில் பிரஷர் குறைகிறதா இல்லையா என்பதை இதுவரை யாரும் அளக்கவில்லை, ஏனென்றால் அளந்தது பட்டறையில் நின்ற வண்டியை. கோளாறு வருவது ஏற்றத்தில்.

நான் சுங்கை சிப்புட்டில் சின்னதாக ஒரு பட்டறை வைத்திருக்கிறேன். 31 வருடமாக இந்தத் தொழில். அப்பா தோட்டத்தில் டிராக்டர் போர்மென், ஸ்பானர் பிடிக்கக் கற்றது அவரிடம். இன்ஜெக்‌ஷன் வண்டி வேலை பழகியது பிறகு கிள்ளானில். வோல்வோவுக்கென்று கம்பெனிப் பயிற்சி எடுத்தவன் இல்லை. ஆனால் இந்தப் பக்கம் மேனேஜர்மார், டாக்டர்மார் வைத்திருந்த 740, 940 வண்டிகள் நிறைய என் கைக்கு வந்து போயிருக்கின்றன. உங்கள் வண்டியை நான் பார்க்கவில்லை என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள். எதை அடித்துச் சொல்கிறேன், எதை ஊகிக்கிறேன் என்று பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த 35க்கு வருவோம். இன்ஜெக்டரின் ஒரு முனை பெட்ரோல் ரெயிலில், அதாவது இன்ஜெக்டர்களுக்கு எண்ணெய் கொடுக்கும் குழாயில் இருக்கிறது, மறுமுனை இன்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக் மேனிஃபோல்டுக்குள் எட்டிப் பார்க்கிறது. எவ்வளவு பெட்ரோல் பாயும் என்பதை இரண்டு முனைக்கும் நடுவில் உள்ள பிரஷர் வித்தியாசம் தீர்மானிக்கிறது. உங்கள் வண்டியின் எல்எச் 2.4 கம்ப்யூட்டர் இன்ஜெக்டரை எத்தனை மில்லிசெகண்ட் திறந்து வைப்பது என்று மட்டும்தான் கணக்குப் போடும். அந்த வித்தியாசம் எப்போதும் 3 பார், அதாவது 43.5 பிஎஸ்ஐ, என்று நம்பித்தான் கணக்கே போடுகிறது. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது ரெகுலேட்டரின் வேலை. அதன் தலையில் ஒரு சின்ன ரப்பர் ஹோஸ் மேனிஃபோல்டுக்குப் போகிறது, பார்த்திருப்பீர்கள். ஐட்லிங்கில் மேனிஃபோல்டுக்குள் வேக்குவம் உறிஞ்சுகிறது, ஏறத்தாழ 8 பிஎஸ்ஐ. அந்த அளவுக்கு ரெகுலேட்டர் ரெயில் பிரஷரை இறக்கிவிடும். 43இல் 8 போனால் 35. ஹோஸைக் கழற்றி விரலால் அடைத்தால் கேஜ் 43க்கு ஏற வேண்டும். டர்போ காற்றை அழுத்தித் தள்ளி மேனிஃபோல்டுக்குள் பூஸ்ட் 7 பிஎஸ்ஐ வந்தால் ரெயில் 50க்கு ஏற வேண்டும். 35, 43, 50 மூன்றும் ஒரே நல்ல ரெகுலேட்டர் மூன்று நேரத்தில் காட்டும் எண்கள்.

உங்கள் பட்டறைக்காரர் புத்தகத்தில் 43 என்று படித்தது பொய்யில்லை. அது ஹோஸைக் கழற்றி எடுக்க வேண்டிய அளவு. ஹோஸ் மாட்டியிருக்கும்போது எடுத்துவிட்டு, எட்டு குறைகிறது என்று பாகத்துக்கு ஆர்டர் போடுகிறார். திட்டுவதற்காகச் சொல்லவில்லை, இந்த இடம் சுலபமாகத் தவறும். இன்ஜெக்டர் விஷயம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. அடைத்துப்போன இன்ஜெக்டர் ரெயில் பிரஷரைக் குறைக்காது. ஒழுகும் இன்ஜெக்டர் வண்டியை நிறுத்திய பிறகு பிரஷரை இறக்கலாம், ஓடும்போது பம்ப் அதை ஈடுகட்டிவிடும். பிரஷர் குறைவுக்கு நாலு இன்ஜெக்டர் மாற்றச் சொல்வதற்கு எனக்குத் தெரிந்து நியாயம் கிடையாது. அந்தக் காசைப் பத்திரமாக வைத்திருங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் உறுதியானது. இனி, ஏற்றத்தில் ஏன் திக்குகிறது என்பதில் ஊகமும் கலக்கும்.

பூஸ்ட் வரும் நேரத்தில் பம்புக்கு இரண்டு பக்கமும் அடி. இன்ஜினுக்கு எண்ணெய் அதிகம் வேண்டும், அதே நேரத்தில் அதை இன்னும் உயர்ந்த பிரஷரில் தள்ள வேண்டும். எந்த எலெக்ட்ரிக் பம்புக்கும் பிரஷர் ஏற ஏறத் தள்ளும் அளவு குறையும். அதனால் சோர்ந்த பம்போ அடைத்த குழாயோ ஐட்லிங்கில் பிடிபடவே பிடிபடாது. ஐட்லிங்கில் இன்ஜின் குடிப்பது ஒரு வாய் எண்ணெய். பம்ப் தள்ளுவதில் பெரும்பகுதி ரிட்டர்ன் குழாய் வழியாக டேங்குக்கே திரும்பிப் போகிறது. சாகக் கிடக்கும் பம்ப்கூட நின்ற வண்டியில் ஹோஸைக் கழற்றினால் 43 காட்டிவிடும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புரியும். காலையில் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையில் வாளி நிரம்பியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக் கணக்கு எழுத மாட்டார்கள். மெட்ரோலாக் என்ற அளவுகோலைப் பாலுக்குள் விட்டு, எவ்வளவு தண்ணீர், எவ்வளவு ரப்பர் என்றும் பார்ப்பார்கள். கேஜில் தெரியும் பிரஷர் வாளி மாதிரி. எத்தனை லிட்டர் ஓடுகிறது என்று தனியாகப் பார்க்க வேண்டும்.

இதை நான் தெரிந்துகொண்டது புத்தகத்தில் இல்லை, அடுத்தவர் இன்ஜினில். 2003இல் ஒரு லாரி டிரைவர் சேர்த்து வைத்த காசில் தன் புரோட்டோன் விரா காருக்கு ஹாஃப்கட், அதாவது வெட்டி இறக்கிய பழைய வண்டியிலிருந்து எடுத்த, ஜிஎஸ்ஆர் டர்போ இன்ஜின் போட்டுத் தரச் சொன்னார். போட்டேன். ஹோஸைக் கழற்றி கேஜ் பார்த்தேன், 43இல் ஊசி ஆடாமல் நின்றது. சாவியைக் கொடுத்துவிட்டேன். இரண்டு வாரத்தில் வண்டியை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மூன்றாவது பிஸ்டனில் ஐந்து காசு அளவு ஓட்டை, ஓரமெல்லாம் மெழுகு உருகி வழிந்த மாதிரி. பம்ப் பழைய விராவுடையது, அதற்குப் போகும் வயரும் பழசு. எல்லாம் முடிந்த பிறகு பம்பின் கனெக்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தால், இன்ஜின் ஓடும்போது 10.9 வோல்ட். பேட்டரியில் 13.8. பாதிச் செலவை நான் ஏற்றுக்கொண்டேன். அவர் ஒரு வார்த்தை கடுமையாகப் பேசவில்லை, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

ஏன் பிஸ்டன் வரைக்கும் போனது என்றால், இன்ஜெக்டரில் பாயும் அளவு பிரஷர் வித்தியாசத்தின் வர்க்கமூலத்தோடு ஏறி இறங்கும். பூஸ்டில் 50 இருக்க வேண்டிய ரெயில் 43இலேயே நின்றுவிட்டால் வித்தியாசம் 36. பெட்ரோல் கிட்டத்தட்ட 9 சதவீதம் குறையும். 35க்கே விழுந்துவிட்டால் வித்தியாசம் 28. குறைவது 19 சதவீதம். டர்போ இன்ஜின் முழு பூஸ்டில் இருக்கும்போது அவ்வளவு வறண்டால் உள்ளே சூடு எகிறி, நாக்கிங் வந்து, பிஸ்டன் தாங்காது. அதனால் ஒன்றை மட்டும் கட்டாயமாகச் சொல்கிறேன். இது தீரும் வரை ஏற்றத்தில் பூஸ்ட் வரும் அளவுக்கு மிதிக்காதீர்கள். இடது லேனில் லாரிகளோடு லாரியாக ஏறிப் போங்கள், மானம் ஒன்றும் போகாது.

இப்போது சோதனை. கேஜை முதலில் சந்தேகப்படுங்கள். மலிவான கேஜ் நாலைந்து பிஎஸ்ஐ தள்ளிக் காட்டுவது சாதாரணம். பட்டறை கம்ப்ரெஸரை 40இல் நிறுத்தி, நல்ல டயர் கேஜ் ஒன்றோடு ஒப்பிட்டால் உங்கள் கேஜின் யோக்கியதை தெரிந்துவிடும். பிறகு அதை ரெயிலுக்குப் போகும் ஃபீட் லைனில் டி இணைப்புப் போட்டு மாட்ட வேண்டும். நீளமான நல்ல ஹோஸ், இரண்டு பக்கமும் கிளிப், டர்போவின் பக்கமே போகக் கூடாது. கழற்றும் முன் பிரஷரை இறக்கிவிடுங்கள், இணைப்பில் துணி சுற்றிக்கொள்ளுங்கள், இன்ஜின் ஆறியிருக்கட்டும், பக்கத்தில் பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும். சாயங்காலம் வீட்டு முன்னால் செய்கிறவர்கள் கொசுவத்தியை மறந்துவிடுகிறார்கள். அதையும் அணையுங்கள்.

ஐட்லிங்கில் ஹோஸ் மாட்டி ஒரு எண், கழற்றி ஒரு எண். கழற்றும்போது ஹோஸின் வாயை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தாலோ ஈரமாக இருந்தாலோ ரெகுலேட்டரின் உள் சவ்வு (டயஃப்ரம்) கிழிந்திருக்கிறது, அதை மாற்றியே ஆக வேண்டும். காய்ந்திருந்தால் ஹோஸை நாலாப்பக்கமும் வளைத்துப் பாருங்கள். இது முப்பது வருட ரப்பர். வேக்குவம் இருக்கும்போது அது உள்ளே உறிஞ்சப்பட்டு நன்றாகப் பிடித்துக்கொள்ளும், பூஸ்ட் வந்ததும் ஊதி வெடிப்பு வழியாக விட்டுவிடும். அப்போது ரெகுலேட்டருக்குப் பூஸ்ட் வந்ததே தெரியாது, ரெயில் 43இலேயே நிற்கும். இரண்டு வெள்ளி (ரிங்கிட்) ஹோஸுக்காக ரெகுலேட்டர் மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது ஏற்றத்தில் எடுக்கும் எண், எல்லாவற்றிலும் முக்கியமானது. கேஜை வண்டிக்குள் கொண்டுவரவே கூடாது. பெட்ரோல் இருக்கும் குழாய் அது. பானட்டின் பின் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வைப்பருக்கு அடியில் செருகி டேப் ஒட்டுங்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து படிக்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். நெடுஞ்சாலை வேண்டாம். பூஸ்ட் வேண்டாம் என்றேன், இந்தச் சோதனைக்கு மட்டும் விலக்கு: ஆள் நடமாட்டமில்லாத ஏற்றம் ஒன்றில் மூன்றாவது கியரில் சில செகண்ட் முழுதாக மிதித்தால் போதும். பூஸ்ட் ஏற ஏற கேஜும் கூடவே ஏறி 50 பக்கம் நின்றால், திக்கல் இருந்தாலும் பிரஷரில் குற்றமில்லை. இக்னிஷன் பக்கம் போங்கள். ஏறாமல் 43இல் ஒட்டிக்கொண்டால் ஹோஸ் அல்லது ரெகுலேட்டர். முதலில் ஏறி, பிறகு மெல்ல மெல்ல இறங்கினால் எண்ணெய் வரத்துப் போதவில்லை. ஊசி நடுங்கிக்கொண்டே இறங்கினால் பம்ப் காற்றையோ ஆவியையோ சேர்த்து விழுங்குகிறது. திக்கல் தொடங்கிய கணமே காலை எடுத்துவிடுங்கள், எண் கிடைத்துவிட்டது.

உங்களுக்கு எது வரும்? என் ஊகம், அது மெல்ல இறங்கும் அல்லது நடுங்கும். காரணம் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி, டேங்க் பாதிக்குக் கீழே போனால் மோசமாகிறது என்பது. 940இல் பம்ப் ஒன்றில்லை, இரண்டு. டேங்குக்குள் சின்னதாக ஒன்று, வண்டிக்கு அடியில் பெரியது ஒன்று. பெரியது நன்றாகத் தள்ளும், ஆனால் உறிஞ்சுவதில் கெட்டிக்காரன் இல்லை. அதன் வாய்க்கு எண்ணெயைக் கொண்டுபோய் ஊட்டுவது உள்ளே இருக்கும் சின்னதன் வேலை. சின்னது செத்துப்போனால் வண்டி உடனே நிற்காது. டேங்க் நிறைய இருக்கும்போது எண்ணெய் தன் எடையிலேயே இறங்கிப் பெரியதை வந்தடையும். பாதிக்குக் கீழே போனதும் பெரியது இழுக்க முயன்று, இழுக்கும் இடத்தில் பெட்ரோல் கொதித்து ஆவியாகி, பம்ப் கத்த ஆரம்பிக்கும். பின்சீட்டில் உட்கார்ந்தால் தேனீக்கூடு மாதிரி ரீங்காரம் கேட்கும். நம் ஊர் வெயிலில், இன்ஜினைச் சுற்றிச் சூடாகித் திரும்பும் எண்ணெய் குறைந்த டேங்கில் விழுந்துகொண்டே இருந்தால் இது இன்னும் சீக்கிரம் வரும். அப்படி ஓடும் மெயின் பம்ப் நாளடைவில் தானும் சாகும். உங்கள் பழைய மெயின் பம்ப் செத்ததே இதனால்தானோ என்று எனக்குச் சந்தேகம். அப்படியானால் புதியதும் அதே வழியில் போய்க்கொண்டிருக்கிறது.

டேங்குக்குள் இருக்கும் பம்ப் கெட்டதா என்று பார்க்க முதலில் பம்ப் ரிலேயை ஜம்பர் போட்டு ஓடவிட்டு, பெட்ரோல் மூடியைத் திறந்து காது கொடுத்துக் கேளுங்கள். மெல்லிய உறுமல் வர வேண்டும். உறுமல் வந்தாலும் நம்பிவிடாதீர்கள். அந்தச் சின்ன பம்புக்கும் மேல் குழாய்க்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லாத ரப்பர் ஹோஸ் ஒன்று பெட்ரோலிலேயே மூழ்கிக் கிடக்கிறது. அது ஊறி, பிளந்து, கிளிப்பிலிருந்து நழுவிவிடும். பம்ப் பாட்டுக்குச் சுற்றும், எண்ணெய் மேலே போகாமல் டேங்குக்குள்ளேயே வட்டமடிக்கும். இந்த வண்டிகளில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். ஹோஸை மாற்றும்போது சாதாரண பெட்ரோல் ஹோஸ் போட்டால் சீக்கிரமே மறுபடி அதே கதை, ஏனென்றால் அதன் வெளித்தோல் பெட்ரோலில் ஊறுவதற்காகச் செய்யப்பட்டதில்லை. எஸ்ஏஇ ஜே30ஆர்10 என்று எழுதிய, மூழ்கிக் கிடப்பதற்கென்றே உள்ள ஹோஸைக் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் எல்லாம் ஒன்றுதான் என்பார். ஒன்றில்லை. திறந்த கையோடு வடிகட்டி வலையையும் பாருங்கள், காப்பித்தூள் மாதிரி துரு படிந்திருந்தால் டேங்கையும் கழுவ வேண்டியிருக்கும்.

கரண்ட் பக்கமும் சரிபாதி சந்தேகம் வையுங்கள். பம்பின் வேகம் வோல்டேஜைப் பொறுத்தது. பல பட்டறைகளில் பம்பின் கனெக்டரைக் கழற்றிவிட்டு மீட்டர் வைப்பார்கள், 12.6 காட்டும், கரண்ட் வருகிறது என்று மூடிவிடுவார்கள். பாரம் இல்லாத வயரில் எந்த மீட்டரும் முழு வோல்ட்தான் காட்டும். கனெக்டர் மாட்டியிருக்க வேண்டும், பம்ப் ஓடிக்கொண்டிருக்க வேண்டும், மீட்டரின் ஊசிமுனையைக் கனெக்டரின் பின்புறமாகச் செருகிப் பார்க்க வேண்டும். பேட்டரியில் இருப்பதை விட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் தேட ஆரம்பியுங்கள். மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை பம்பின் எர்த் வயரிலும் வைத்தால் எர்த் பக்கம் எவ்வளவு தொலைகிறது என்று தனியாகத் தெரியும். அங்கே அரை வோல்ட் தொலைவதை யாரும் பார்ப்பதே இல்லை.

பாசிட்டிவ் பக்கம் தொலைந்தால் முதல் குற்றவாளி இந்த வண்டியின் பெட்ரோல் ரிலே. பழைய வோல்வோ வைத்திருப்பவர்களுக்கெல்லாம் தெரிந்த ஆள் அது. மூடியைக் கழற்றி உள்ளே உள்ள போர்டைத் திருப்பி, பூதக்கண்ணாடியால் கால்களின் சோல்டரைப் பாருங்கள். காலைச் சுற்றி முடிபோல மெல்லிய கறுப்பு வளையம் தெரிந்தால் அது விரிசல். சூடேறும்போது விரியும், குளிர்ந்தால் சேரும், அதனால்தான் பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒழுங்காக ஓடும். பழைய சோல்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தால் பல வருடம் ஓடும். ஃபியூஸ் பெட்டியின் பித்தளை நாக்குகளில் பச்சை பிடித்திருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள், நம் ஈரக்காற்றுக்கு அது சகஜம்.

வோல்ட் சரி, டேங்க் பம்ப் சரி, அப்படியும் பிரஷர் இறங்குகிறது என்றால் அப்போது லிட்டர் கணக்கு. ரெகுலேட்டரிலிருந்து திரும்பும் ஹோஸைக் கழற்றி, அளவுக் கோடு போட்ட பெட்ரோல் கேனில் விட்டு, ஐட்லிங்கில் சரியாக 30 செகண்ட் பிடியுங்கள். கணக்கு இப்படி: உங்கள் பி230எஃப்டி இன்ஜின் சுமார் 165 குதிரைசக்தி, முழு பாரத்தில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர் குடிக்கும். அதைக் குடித்த பிறகும் ரிட்டர்னில் கொஞ்சம் மிஞ்சினால்தான் ரெகுலேட்டரால் பிரஷரைப் பிடித்து வைக்க முடியும். அதனால் 30 செகண்டில் முக்கால் லிட்டருக்கு மேல் வந்தால் எனக்குத் திருப்தி, அரை லிட்டருக்கு வந்தால் பம்பையோ லைனையோ விடமாட்டேன். இது கம்பெனி அளவு இல்லை, என் கை அளவு.

ரிட்டர்ன் ஹோஸை நெரித்துப் பார்ப்பது என்று இன்னொரு வழி இருக்கிறது. நெரித்ததும் பிரஷர் 60, 70 என்று எகிறினால் பம்புக்குத் தெம்பு இருக்கிறது, ரெகுலேட்டர்தான் விட்டுக்கொடுக்கிறது என்று அர்த்தம். வேகமாகப் பதில் சொல்லும் சோதனைதான். ஆனால் முப்பது வயது ஹோஸை நெரித்து, ரெயிலில் நூறு பிஎஸ்ஐ வரை ஏறவிட்டு, சூடான டர்போ பக்கத்தில் இருக்க, நானே இப்போதெல்லாம் யோசித்துத்தான் செய்கிறேன். வீட்டில் செய்ய வேண்டாம்.

காலையில் ஸ்டார்ட் ஆக நேரமாவதை இதோடு முடிச்சுப் போடாதீர்கள். அநேகமாக அது வேறு கதை. வண்டியை நிறுத்திய பிறகு ரெயிலில் பிரஷரைப் பிடித்து வைப்பது மெயின் பம்பிலிருந்து எண்ணெய் வெளியேறும் பக்கத்தில் உள்ள ஒருவழி செக் வால்வு. அது விட்டால் இரவில் எண்ணெய் டேங்குக்கே இறங்கிவிடும், காலையில் மறுபடி நிரப்பி ஏற்றும் வரை ஸ்டார்ட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். புது பம்ப் போட்ட பிறகுதான் இந்தத் தொல்லை ஆரம்பித்ததா, முன்பே இருந்ததா என்று நீங்கள் எழுதவில்லை. பிறகுதான் என்றால், போட்ட பம்பின் தரத்தை நான் சந்தேகப்படுவேன். நல்ல கம்பெனியின் டப்பாவுக்குள் போலிச் சரக்கு வருவது இப்போது புதிதில்லை. ரெகுலேட்டர் உள்ளே ஒழுகினாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே குறி வரும் என்பதால் இதில் நான் தீர்ப்புச் சொல்லமாட்டேன்.

டயக்னாஸ்டிக் பெட்டியில் 1-1-1 வந்தது, கோளாறு இல்லை என்றும் அவர்கள் சொன்னதாக எழுதியிருந்தீர்கள். எல்எச் 2.4க்கு பெட்ரோல் பிரஷரை அளக்கும் சென்சார் கிடையாது. கண்ணில்லாதவரிடம் சட்டை நிறம் கேட்ட மாதிரி.

பிரஷர் சரியாகவே இருந்து திக்கினால் எங்கே பார்ப்பது என்பதையும் சொல்லிவிடுகிறேன், சுருக்கமாக. பிளக் இடைவெளி அதிகமாகியிருந்தால், ரோட்டரோ கேபிளோ தேய்ந்திருந்தால், பூஸ்டில் தீப்பொறி அணைந்துவிடும். ஓட்டுகிறவருக்கு அது எண்ணெய் குறைவு மாதிரியே இருக்கும். ஒரு சின்ன வித்தியாசம், என் அனுபவத்தில்: தீப்பொறி போனால் வெட்டி வெட்டி இழுக்கும், எண்ணெய் போனால் மூச்சு வாங்குவது போல மெல்ல அடங்கும். இதை வைத்து மட்டும் பாகம் வாங்காதீர்கள். காற்று மீட்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் உள்ள ரப்பர் குழாயில் வெடிப்பு இருந்தால் கணக்கில் வராத காற்று உள்ளே போய் அதுவும் வறட்சி காட்டும். டார்ச் அடித்து அடிப்பக்க மடிப்புகளைப் பிரித்துப் பாருங்கள்.

இன்னொன்று, இங்கே யாரோ உங்களுக்குச் சொன்னது: பெட்ரோலில் பாமாயில் கலப்பதால் ஃபில்டர் அடைக்கிறது என்று. நம் மலேசியாவில் பாமாயில் கலப்பது டீசலில். ஆர்ஓஎன் 95 பெட்ரோலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

என்னிடம் வண்டி வந்தால் நான் போகும் வரிசை இது: ரெகுலேட்டர் ஹோஸ், பம்பில் வோல்ட், டேங்க் பம்பும் அதன் ஹோஸும், கடைசியாகத்தான் மெயின் பம்ப். உங்கள் பட்டறைக்காரர் கடைசியிலிருந்து ஆரம்பித்துவிட்டார். அவரோடு சண்டை போட வேண்டாம். ரெகுலேட்டர் ஹோஸைக் கழற்றி அதே கேஜை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். 43க்கு ஊசி ஏறுவதை அவரே பார்த்தால் மீதியை அவரே யோசிப்பார்.

பார்த்துவிட்டு இங்கே எழுதுங்கள்: ஹோஸ் கழற்றியபோது எவ்வளவு, ஏற்றத்தில் எவ்வளவு, அப்போது டேங்கில் எண்ணெய் எவ்வளவு, பம்ப் ஓடும்போது அதன் கனெக்டரில் எத்தனை வோல்ட். அதுவரை டேங்கைப் பாதிக்குக் கீழே இறங்கவிடாதீர்கள்.